பயணியின் பெட்டியும் சுங்கவாயிலும்

கடல் கடந்து வரும் ஒருவன் கையிற் கொண்டுவரும் பெட்டியினுள் இருப்பது யாருடைய பொருள்? தன்னுடையதென்று அவன் நினைப்பான். படலையடியில் அவன் வரவை நோக்கி நிற்கும் உறவினர், அதிற் பாதியாயினும் தமக்குரியதென்று நினைப்பர். இவ்விரு நினைவுகளுக்கும் நடுவே, துறைமுகத்திலேனும் விமான நிலையத்திலேனும், அரசின் பெயரால் ஓர் உத்தியோகத்தர் நின்று, அப்பெட்டியில் உள்ளது என்ன, அது எதற்கு என்று வினவுகின்றார். அவ்வினாவுக்குப் பயணி கொடுக்கும் விடையே சுங்கப் பிரகடனம் எனப்படுவது. பத்திரத்தில் எழுதியேனும், வாயாற் சொல்லியேனும், இக்காலத்திற் பெரும்பாலும் நிகழ்வதுபோல ஒன்றும் சொல்லாது ஒரு வாயிலூடே நடந்து சென்றேனும் அவ்விடை கொடுக்கப்படலாம். எவ்வாறு கொடுப்பினும் சட்டத்தின்முன் அது ஒரு வாக்குமூலமேயாம்.

இவ்வினாவின் வரலாற்றை ஆராய்தல் நம்மவர்க்குப் புறம்பான காரியமன்று. சாவகர் குடியிருந்த சேரியே சாவகச்சேரி ஆயிற்றென்று கூறுவார் உளர். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் கடல்வழி வந்து இலங்கைமேற் படையெடுத்த சந்திரபானுவின் சாவகப் படைஞரை அவர்கள் சான்றாகக் காட்டுவர். அக்கூற்றை ஏற்பினும் விடுப்பினும், கடலுக்கு அப்பாலிருந்து வருவோரும் அப்பாற் செல்வோரும் நம் பகுதியின் வாழ்வில் என்றும் இருந்து வந்திருக்கின்றனர் என்பது மறுக்கவொண்ணாதது. இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் வாழும் நம் பழைய மாணவர் விடுமுறைக்கு ஊர் திரும்புங்கால், அவர்தம் பெட்டியிற் கைத்தொலைபேசியும் மடிக்கணினியும் புகைப்படக் கருவியும் தவறாது இருக்கின்றன. இவ்விலத்திரனியற் கருவிகள் சுங்கச் சட்டத்துக்கு ஒரு புதிய சிக்கலைக் கொணர்ந்தன. அச்சிக்கலின் இயல்பு விளங்கவேண்டுமாயிற் சற்றுப் பின்னோக்கிச் செல்லல் வேண்டும்.

சுங்கத்துக்குத் தமிழில் வழங்கிய பழஞ்சொல் உல்கு என்பது. அரசனுக்கு உரிய பொருள்வகைகளுள் உல்கையும் ஒன்றாக வள்ளுவர் எண்ணினார். அதற்கு உரை கண்ட பரிமேலழகர், கலத்தாலும் காலாலும் வரும் பண்டங்களுக்கு இறுக்கும் இறையே அது என விளக்கினார். கடல்வழியும் தரைவழியும் இரண்டும் அவ்வுரையில் அடங்கின. பட்டினப்பாலையிற் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கக் காவலர், கதிரவன் தேரிற் பூட்டிய குதிரைகளைப்போல ஓயாது உழைப்பவர். கடலிலிருந்து நிலத்துக்கும் நிலத்திலிருந்து கடலுக்கும் செல்லும் அளவிறந்த பண்டங்களிற் புலிமுத்திரை பொறித்து விடுப்பவர். பொருளின்மேல் அரசின் அடையாளம் விழுந்தாலன்றி அது வாயிலைக் கடவாது என்னும் முறை அப்பாட்டில் தெளிவாய் உள்ளது. பிற்காலத்தில் முதலாங் குலோத்துங்கன் சுங்கம் தவிர்த்த சோழன் என்று புகழப்பட்டான். வரியை நீக்கியமை ஓர் அரசனுக்கு என்றும் நிலைக்கும் பட்டப்பெயராயிற்றென்றால், அவ்வரி மக்களை எவ்வளவு நெருக்கியிருத்தல் வேண்டும் என்பதை நாமே உய்த்துணரலாம்.

ஆயினும் மேற்கூறியன யாவும் வணிகனின் பண்டம் பற்றியன. வணிகனல்லாதான் தன் தேவைக்குக் கொண்டுவரும் பொருளை அரசு எங்ஙனம் கருதிற்று? இதற்கு விரிவான விடை அருத்தசாத்திரத்திற் கிடைக்கின்றது. 1905ஆம் ஆண்டு மைசூரில் ஓலைச்சுவடியாகச் சாமசாத்திரியார் கண்டெடுத்து, 1909இல் அச்சேற்றிய அந்நூலின் காலம் பற்றி அறிஞர் ஒருமுகப்படவில்லை. அதன் இரண்டாம் அதிகரணத்திலே சுங்க அத்தியட்சனின் கடமைகள் கூறப்படுகின்றன. நகரின் பெருவாயிலருகே, கிழக்கையோ வடக்கையோ நோக்கிச் சுங்கச்சாலையும் கொடியும் நிறுவப்படல் வேண்டும். நால்வர் அல்லது ஐவர் அங்கிருந்து, வந்த வணிகர் யாவர், எங்கிருந்து வந்தனர், எவ்வளவு பண்டம் கொணர்ந்தனர், முத்திரை எங்கே இடப்பட்டது என்பவற்றைப் பதிவு செய்வர். வணிகன் கொடியின் அடியில் நின்று தன் பண்டத்தின் அளவையும் விலையையும் உரக்கக் கூறி, வாங்குவார் உளரோ என்று கேட்டல் வேண்டும். வரிக்கு அஞ்சி அளவையோ விலையையோ குறைத்துச் சொன்னால், மிகுதி அரசனுக்காம்; அன்றேல் எண்மடங்கு சுங்கம் இறுத்தல் வேண்டும். எழுத்துப் பத்திரம் தோன்றுமுன்னரே பிரகடனம் தோன்றிவிட்டதென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இவ்வதிகாரத்திலே நம் பொருளுக்கு இன்றியமையாத ஒரு விதியுண்டு. திருமணத்துக்குரிய பொருள், மணமகளுடன் செல்லும் பொருள், அன்பளிப்பாகக் கொடுக்குமாறு கொண்டு செல்லும் பொருள், வேள்விக்கும் மகப்பேற்றுக்கும் வழிபாட்டுக்கும் உபநயனத்துக்கும் வேண்டிய பொருள் ஆகியன சுங்கமின்றிச் செல்லலாம் என்பது அது. இப்பொருள்களுக்கு அந்நூல் பெறுமதி வரம்பு ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் அவ்வாறல்லாத பொருளை அவ்வாறானதெனப் பொய் சொல்பவனுக்குக் கள்வனுக்குரிய தண்டம் விதித்தது. அஃதாவது, பொருளின் விலையை அளவாது, கொண்டுவருவோனின் கருத்தை அளந்தது. உறவினர்க்குக் கொடுக்கும் பொருளும் விற்பனைப் பொருளும் வேறு வேறென்பதை அரசு ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டமையாற் பொய்யுரைத்தவனை வன்மையாக ஒறுத்தது. இவ்விரண்டும் ஒன்றையொன்று பற்றி நிற்பன.

இனி நம் நாட்டுக்கு வருவோம். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ள தமிழ்க் கல்வெட்டு, பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையைத் தாங்கி நிற்பது. பேராசிரியர் கார்த்திகேசு இந்திரபாலா 1963இல் அதனை ஆராய்ந்து வெளியிட்டார். பரதேசிகள் ஊராத்துறையிலே வந்து தங்கல் வேண்டும், அவர்கள் காக்கப்படல் வேண்டும், பல துறைகளிலிருந்தும் அவர்கள் நம் துறைக்கு வந்து கூடல் வேண்டும் என்பது அவ்வாணையின் முற்பகுதி. ஊராத்துறை இன்றைய ஊர்காவற்றுறையாம். யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு பண்டாரத்துக்கும் மூன்று பங்கு உடையவனுக்கும் ஆகும் என்றும், ஏனைய வணிகக் கலம் உடைந்தாற் செம்பாதி பண்டாரத்துக்கும் செம்பாதி உடையவனுக்கும் ஆகும் என்றும் பிற்பகுதி கூறுகின்றது. யானை குதிரைகளை மன்னன் விரும்பினான்; ஆதலின் அவற்றைக் கொணர்வானுக்குச் சலுகை மிகுதி. எப்பொருள் நாட்டுக்கு வேண்டும் எப்பொருள் வேண்டா என்பதைத் தீர்வையின் ஏற்றத்தாழ்வினாலே சொல்லும் வழக்கம் நம் கரையில் எண்ணூறு ஆண்டுப் பழைமையுடையது. ஏறத்தாழ 1244இல் ஆந்திரக் கரையிலுள்ள மோட்டுப்பள்ளியிற் காகதீய கணபதி நாட்டிய கல்லும் இக்கருத்தினதே. முன்னை மன்னர் உடைந்த கலங்களின் பொருளைப் பறித்தனர். யாம் முறையான சுங்கமன்றி வேறு கொள்ளோம் என்று அவன் கடலோடிகளுக்கு உறுதி கூறினான். வாயிலில் நிற்பவன் எவ்வளவு கொள்வான் என்பது முன்கூட்டியே தெரிந்திருத்தலே பயணிக்குப் பெரும் பாதுகாப்பு. இதனைப் பின்னரும் காண்போம்.

போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்து நிலையை இங்கு விரித்தல் வேண்டா. அவர்கள் நோக்கம் யானையும் முத்தும் துணியும் புகையிலையுமாக இருந்ததேயன்றிப் பயணியின் பெட்டியன்று. ஆங்கிலேயர் 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டத்தை இயற்றினர். பல திருத்தங்களைப் பெற்று ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்நாட்டின் சுங்க நடைமுறைக்கு அடிப்படையாய் நின்றது அச்சட்டமே. வெளிப்படுத்தாத பொருள் பறிமுதலுக்கு உரியதென்னும் ஆங்கில நெறி அதனூடாக நம்மிடம் வந்தது. அந்நெறி அதன் தாயகத்திலே எத்துணைச் சிக்கலாய் இருந்ததென்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லலாம். பொருளியற் பேராசான் அடம் சிமித் 1778இல் ஸ்கொத்லாந்திற் சுங்க ஆணையாளருள் ஒருவராக நியமிக்கப்பட்டார். தடைசெய்யப்பட்ட பொருள்களின் பட்டியலைப் படித்தபின் தம் உடைகளைச் சோதித்தார். கழுத்துத்துணியும் கைக்குட்டையும் உட்படப் பெரும்பாலன தடைப்பட்டியலில் உள்ளனவாகவே இருந்தன. எல்லாவற்றையும் எரித்துவிட்டதாக 1780இல் ஒரு நண்பருக்கு எழுதினார். தடையற்ற வாணிகத்துக்கு வாதாடிய அறிஞரே அறியாமற் குற்றவாளியாக நின்றாரென்றால், ஏனையோர் நிலை யாது?

யாழ்ப்பாணத்தார்க்குச் சுங்கச்சாவடி அன்றாட அனுபவமாகியது இருபதாம் நூற்றாண்டிலேயே. காங்கேசன்துறையிலிருந்து சாவகச்சேரி வரையான புகையிரதப் பாதை 1902இல் திறக்கப்பட்டது. 1905இற் கொழும்புடன் இணைப்பு முற்றிற்று. 1914இல் தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கியபோது, சென்னையிலேறிய ஒருவன் புகையிரதம், கப்பல், மீண்டும் புகையிரதம் என மாறி இலங்கையை அடையலாயிற்று. இடையிலுள்ள கடல் இருபது மைல் சொச்சமே. எனினும் அதன் இருகரையிலும் பெட்டிகள் திறக்கப்பட்டன. மறுபுறத்தில் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் எழுதுவினைஞராகவும் புகையிரத உத்தியோகத்தராகவும் சென்ற நம்மவர் ஓய்வு பெற்றுத் திரும்புகையில் தம் வாழ்நாள் உழைப்பைப் பெட்டிகளில் அடைத்துக் கொணர்ந்தனர். மலாயாப் பென்சனியர் வீடென்றால் ஊரில் ஒரு தனி மதிப்பு. பின்னர் 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவரவு குடியகல்வுச் சட்டமும், 1953ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நாணயமாற்றுக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தன. முன்னது ஆளை நிறுத்திக் கேட்டது. பின்னது பணப்பையை நிறுத்திக் கேட்டது. பெட்டியை நிறுத்திக் கேட்கும் சட்டம் முன்னரே இருந்தது. 1964 டிசம்பர்ப் புயலில் தனுக்கோடி அழிந்தபின் அப்பழைய வழி முன்போல் மீளவில்லை.

உலகப் போருக்குப்பின் நாடுகளிடையே உல்லாசப் பயணம் பெருகியபோது, பயணியின் சொந்தப் பொருள் எது என்பதை நாடுகள் கூடி வரையறுக்க முற்பட்டன. 1954 ஜூன் 4ஆந் தேதி நியூயோர்க்கில் முடிவான சுற்றுலாச் சுங்க வசதிகள் பற்றிய உடன்படிக்கை அம்முயற்சியின் பயன். இலங்கையும் இந்தியாவும் அதிற் சேர்ந்தன. தற்காலிகமாக வரும் பயணி தீர்வையின்றிக் கொணர்ந்து மீளக் கொண்டுசெல்லத்தக்க பொருள்களை அது எண்ணிச் சொல்கின்றது. புகைப்படக் கருவி ஒன்று, அதனுடன் பன்னிரண்டு தகடு அல்லது ஐந்து சுருள், சிறிய சினிமாப் படக் கருவி ஒன்று, அதனுடன் இரண்டு சுருள், தொலைநோக்கி ஒன்று, கையிற் கொண்டுசெல்லும் இசைக்கருவி ஒன்று, கைக் கிறாமபோன் ஒன்று, அதனுடன் பத்து இசைத்தட்டு, ஒலிப்பதிவுக் கருவி ஒன்று, வானொலிப்பெட்டி ஒன்று, தட்டச்சுப்பொறி ஒன்று, குழந்தை வண்டி ஒன்று. ஐம்பது சுருட்டுக்கும் இடமுண்டு. யாழ்ப்பாணத்தார் இதனைக் குறைவென்றே கருதியிருப்பர்.

இப்பட்டியலை ஊன்றிப் படித்தால் அதனை இயற்றியோரின் உள்ளம் புலப்படும். ஒவ்வொன்றும் ஒன்று. ஒருவனுக்குக் காது இரண்டாயினும் வானொலி ஒன்றே போதும். இரண்டாவது வானொலி வேறொருவனுக்கென்பது அவர்கள் துணிபு. எண்ணிக்கையே கருத்துக்குச் சான்றாயிற்று. அன்றியும் அப்பொருள்கள் யாவும் கனமானவை, மறைக்க முடியாதவை, பயன்படுத்தியமையின் தழும்பு உடையவை. கிறாமபோன் பழையதா புதியதா என்பதை உத்தியோகத்தர் கண்ணாற் கண்டு துணியலாம். பத்து இசைத்தட்டுக்குமேல் ஒருவன் சுமந்து திரிவானாயின் அவன் வியாபாரி என்று துணிதலும் அரிதன்று.

விதியின் விளையாட்டென்றே சொல்லல் வேண்டும். அப்பட்டியல் எழுதப்பட்ட அதே 1954ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்திலே, ரீஜென்சி நிறுவனம் திரான்சிஸ்டர் வானொலியொன்றை அமெரிக்காவில் வெளியிட்டது. சட்டைப்பையில் அடங்கும் அதன் விலை ஏறக்குறைய ஐம்பது டொலர். அடுத்த ஆண்டு யப்பானிய சோனி நிறுவனமும் தன் வானொலியைச் சந்தைக்குக் கொணர்ந்தது. விலையுயர்ந்த ஒரு பொருள் கைக்குள் மறையும் அளவினதாயிற்று. ஒருவன் நான்கு வானொலிகளைத் தன் உடைகளுக்கிடையே கொணரலாம். நான்கும் புதியனபோலவே தோன்றலாம். ஒன்று தனக்கு, மூன்று தம்பி தங்கையர்க்கு என்று மெய்யாகவே அவன் எண்ணியிருக்கலாம். விற்பனைக்குக் கொணர்ந்தவனும் அதனையே சொல்வான். இருவரையும் பிரித்தறியும் குறி பொருளில் இல்லாது போயிற்று.

இந்தியாவின் 1962ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் இச்சிக்கலை நேர்நின்று எதிர்கொண்டது. பயணி தன் பொதியிலுள்ளதை உரிய அதிகாரிக்குப் பிரகடனம் செய்தல் வேண்டும் என்று அதன் 77ஆம் பிரிவு விதித்தது. 79ஆம் பிரிவு இரண்டு வழியால் விலக்களித்தது. குறித்த காலம் பயணியே பயன்படுத்திய பொருளாயின் அதற்கு விலக்குண்டு. பயணிக்கோ குடும்பத்துக்கோ பயன்படுவதாயினும், மெய்யான அன்பளிப்பாயினும், நினைவுப் பொருளாயினும், குறித்த பெறுமதிக்குட்பட்டு விலக்குண்டு. அன்பளிப்பு என்னும் சொல் சட்டத்தில் இருக்கின்றது. அருத்தசாத்திரத்தின் எதிரொலிபோலவே இருக்கின்றது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. பழைய நூல் கருத்தைக் கேட்டது. புதிய சட்டம் கருத்தோடு விலையையும் கேட்டது. விலை வரம்பைத் தாண்டிய அன்பளிப்பு எத்துணை மெய்யானதாயினும், தாண்டிய அளவில் வணிகப் பொருளைப்போலவே தீர்வை இறுக்கும்.

வரம்புகள் இறுகிய நாடுகளிற் பயணியின் பெட்டியே அங்காடிக்கு வாய்க்காலாயிற்று. பர்மாவிலிருந்து திரும்பிய தமிழருக்காகச் சென்னைக் கடற்கரைச் சாலையோரம் 1969இல் எழுந்த பர்மா பஜார், வெளிநாட்டு வானொலிக்கும் ஒலிப்பதிவுக் கருவிக்கும் பெயர்பெற்ற இடமாயிற்று. இலங்கையிலும் 1970களின் முற்பகுதியில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாய் இருந்தது. 1977 நவம்பரில் இறக்குமதி தாராளமாக்கப்பட்டபின் அந்நிலை மாறிற்று. 1979இல் தொலைக்காட்சி ஒளிபரப்பும் இங்குத் தொடங்கியது. மத்திய கிழக்கிற் பணிபுரிந்து திரும்பியோரின் சுமைகளில் வானொலி நாடாப்பெட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும் முதலிடம் பெற்றன.

இதனிடையே விமானம் பெரிதாயிற்று. ஒரே விமானத்திலிருந்து இறங்கும் முந்நூறு பேரின் பெட்டிகளையும் திறந்து பார்த்தல் இயலாதாயிற்று. 1971இற் சுங்க ஒத்துழைப்புப் பேரவை இருவாயில் முறையை நாடுகளுக்குப் பரிந்துரைத்தது. வெளிப்படுத்தும் பொருள் உடையோர்க்குச் சிவப்பு வாயில், இல்லாதோர்க்குப் பச்சை வாயில். பலர் இதனை ஒரு வசதி என்று மட்டும் எண்ணுகின்றனர். உண்மையில் இது பிரகடனத்தின் வரலாற்றில் ஒரு பெருந்திருப்பம். கொடியடியில் வணிகன் உரக்கக் கூவினான். பின்னர் பயணி பத்திரத்தில் எழுதினான். இப்போதோ அவன் வாய் திறவாமலே சொல்லிவிடுகின்றான். பச்சை வாயிலில் எடுத்துவைக்கும் காலடியே, என்னிடம் தீர்வைக்குரியது யாதும் இல்லையென்னும் வாக்குமூலம். யாரும் என்னைக் கேட்கவில்லையே என்று பின்னர் சொல்வது எதிர்வாதமாகாது. கேள்வி சுவரில் எழுதப்பட்டிருக்கின்றது. விடை நடையில் இருக்கின்றது. நீண்ட பயணத்தாற் களைத்து, முன்னே செல்வோரைப் பின்பற்றி நடக்கும் முதியவரும் அவ்விடையைக் கொடுத்தவராகவே கொள்ளப்படுவர். இம்முறையில் எனக்குள்ள மனக்குறை இதுவே. ஐயம் உளதாயிற் சிவப்பு வாயிலை நாடுதலே தக்கது. ஐயத்தைச் சொல்வதனாற் குற்றம் உண்டாவதில்லை, சொல்லாது செல்வதனாலேதான் உண்டாகின்றது.

தென்மராட்சியில் வாழ்ந்தோர்க்குச் சுங்கச்சாவடி போன்றதொன்று நாட்டின் உள்ளேயும் வந்து நின்ற காலம் உண்டு. 1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டபின் வடக்குக்குக் கொண்டுசெல்லத் தடைசெய்யப்பட்ட பொருள்களில் மின்கலங்களும் அடங்கின. கிளாலிக் கடலேரியை இரவிற் படகேறிக் கடந்து வவுனியாவுக்குச் சென்று திரும்பியவனின் பையில் ஒரு சோடி மின்கலம் இருப்பின் அது குற்றப்பொருள். செய்தி கேட்கும் ஆர்வத்தினால் மக்கள் துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி முகமாலையூடாகத் திறக்கப்பட்டபோது, இருபுறத்துச் சாவடிகளிலும் பெட்டிகள் திறக்கப்பட்டன. விடுதலைப் புலிகளின் பக்கத்திற் பொருள்களுக்கு வரியும் வாங்கப்பட்டது. 2006 ஆகஸ்டில் அவ்வீதி மீண்டும் மூடப்பட்டது. சாவகச்சேரியிலிருந்து கொழும்புக்குச் செல்பவன் எல்லை கடந்த அயல்நாட்டான்போலத் தன் பெட்டியிலுள்ளதை ஒன்றன்பின் ஒன்றாய்ச் சொல்ல நேர்ந்தது. அக்காலத்தில் வளர்ந்தோர்க்கு உத்தியோகத்தர்முன் பெட்டி திறத்தல் வெறும் நடைமுறையாகத் தோன்றுவதில்லை. அவர்களுட் பலர் இன்று வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு திரும்புகையிலும், ஒளிக்க யாதும் இல்லாதபோதும், வாயிலண்டை நெஞ்சு படபடப்பதாகச் சொல்வர்.

மீண்டும் சட்டத்துக்கு வருவோம். 1973இற் கியோத்தோவில் உருவாகி 1999இற் திருத்தப்பெற்ற சுங்க உடன்படிக்கை, 1954இன் பட்டியலைப் புதுக்கியது. அதிற் கைத்தொலைபேசியும் கையடக்கக் கணினியும் பயணியின் சொந்தப் பொருள்களாக ஏறின, தட்டச்சுப்பொறியும் இறங்கவில்லை. வெளிநாட்டார் ஒருவர் தாம் பயன்படுத்தும் மடிக்கணினியுடன் வந்து அதனுடன் திரும்பின் இடரில்லை என்பது பொதுவழக்காயிற்று. இந்தியாவும், பதினெட்டு வயது நிரம்பிய பயணிக்கு மடிக்கணினி ஒன்றைப் பொதுவரம்புக்குப் புறம்பாக விடுத்தது. மறுதலையாக, 2013 ஆகஸ்டில் அந்நாடு தட்டைத்திரைத் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அதுவரை இருந்த சலுகையை நீக்கிற்று. பயணிகள் அவற்றைப் பெருவாரியாகக் கொணரத் தொடங்கியிருந்தனர். ரூபாயின் மதிப்போ வீழ்ந்துகொண்டிருந்தது. நயினாதீவுக் கல்வெட்டில் யானைக்கு ஒரு பங்கும் பிறவற்றுக்கு வேறொரு பங்கும் வகுத்த அதே கை இங்கும் எழுதுகின்றது.

ஊர் திரும்பும் பயணிக்கு மட்டுமன்றி, இங்கிருந்து புறப்படும் மாணவர்க்கும் பயன்படுவதொன்று உண்டு. ஒருவன் தன் புகைப்படக் கருவியுடன் வெளிநாடு சென்று அதனுடனேயே திரும்பினால், அது புதிதாய் அங்கு வாங்கியதன்று என்பதை எங்ஙனம் நாட்டுவான்? இதற்கெனச் சில நாடுகள் புறப்படுமுன் பதிவு செய்யும் முறையை வகுத்துள்ளன. கனடாவிலும் அமெரிக்காவிலும் பயணி புறப்படுமுன் கருவியைச் சுங்க உத்தியோகத்தரிடம் காட்டி, அதன் தொடரிலக்கத்தைப் பத்திரத்திற் பதிவித்துக்கொள்ளலாம். திரும்புகையில் அப்பத்திரமே சான்று. இந்தியாவிலும் ஏற்றுமதிச் சான்றிதழ் என்று இதனையொத்தது உண்டு. கருவியின் உடலிற் பொறிக்கப்பட்ட அவ்விலக்கம் காவிரிப்பூம்பட்டினத்துப் புலிமுத்திரையின் தொழிலைச் செய்கின்றது. வேறுபாடு யாதெனில், முத்திரையை அரசு பொறித்தது. இலக்கத்தைத் தொழிற்சாலை பொறிக்கின்றது. வாங்கிய பற்றுச்சீட்டைப் பாதுகாத்தலும் அதே பயனைத் தரும்.

தனக்குரிய பொருளுக்கு இவ்வாறு சான்று காட்டலாம். பிறர்க்குக் கொடுக்கும் பொருளுக்கே வழி குறுகிற்று. தங்கையின் மகன் பல்கலைக்கழகம் புகுகின்றான் என்று கேட்டு, அண்ணன் ஒருவர் இலண்டனிலிருந்து பெட்டி பிரியாத மடிக்கணினியைக் கொணர்கின்றார் எனக் கொள்வோம். அது அவர் பயன்படுத்தியதன்று, விற்பதற்குமன்று. கௌடிலியனின் கொடியடியில் அவர் அதனைச் சொல்லி, சுங்கம் இறாது சென்றிருப்பார். இன்றைய உத்தியோகத்தர் அவர் சொல்லை நம்பினாலும் விலைவரம்பை மீற இயலாது. வரம்பில்லாத பழைய விதி மேலானதா? அன்பின் பொருட்டாக நோக்கின் ஆம் எனத் தோன்றும். ஆனால் கருத்தை அளக்கும் விதி, அளக்கும் ஆளின் நேர்மையையே நம்பி நிற்பது. அறிமுகமுள்ளவனுக்கு அன்பளிப்பாவது அறிமுகமற்றவனுக்கு வணிகப் பொருளாகலாம். மோட்டுப்பள்ளிக் கல் கடலோடிகளுக்குக் கொடுத்த உறுதி, முகம் பாராது ஒரே அளவு கொள்வோம் என்பதே. துணையற்ற பயணிக்கு எழுதிய எண் ஒன்றே துணை. ஆதலின் வரம்பு இருத்தல் வேண்டும் என்பதே என் கருத்து. கருவிகளின் விலை ஏறுந்தோறும் அவ்வரம்பும் காலத்துக்குக் காலம் ஏறுதல் வேண்டும், அது பயணி புறப்படுமுன் அவன் மொழியில் அவன் கையிற் கிடைத்தல் வேண்டும். இவையிரண்டும் நிகழாதவிடத்து, பொய் சொல்ல எண்ணாதவனும் பொய்யனாகின்றான். அடம் சிமித்தின் கைக்குட்டைக் கதை மீண்டும் நிகழ்கின்றது.

பலாலியில் யாழ்ப்பாண சர்வதேச விமான நிலையம் 2019 அக்டோபரில் திறக்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பரிற் சென்னையிலிருந்து விமானம் வரத் தொடங்கியது. 2023 அக்டோபர் 14இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் தொடங்கி, சின்னாளில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடிற்று. பராக்கிரமபாகு பரதேசிகளை வரவேற்ற ஊராத்துறைக்கு அணித்தாகவே மீண்டும் கடல்வாயில் ஒன்று திறந்திருக்கின்றது. இவ்வாயிலின் வரலாற்றை எழுதப்போகும் நம் மாணவர்க்குச் சட்டப் புத்தகமும் வர்த்தமானியும் மட்டும் போதா. மலாயாவிலிருந்து வந்த கிறாமபோனுக்கு இறுத்த தீர்வைச்சீட்டு, தலைமன்னாரில் நிரப்பிய பத்திரம், வானொலி வாங்கிய பற்றுச்சீட்டு முதலியன வீடுகளில் றங்குப்பெட்டியின் அடியிற் கிடக்கக்கூடும். 2000ஆம் ஆண்டுப் போரிற் சாவகச்சேரியின் வீடுகள் பல இடிந்தபோது அத்தகைய பெட்டிகள் எத்தனையோ அழிந்தன. எஞ்சியவற்றை வைத்திருக்கும் பழைய மாணவர், அவற்றை ஒருமுறை வெளியிலெடுத்துப் படியெடுத்துக் கல்லூரி நூல்நிலையத்துக்கு அனுப்புவராயின், இக்கட்டுரையின் இரண்டாம் பகுதியை அவற்றைக்கொண்டே எழுதலாம்.